சிறு தீவுகளும் பெருங்காற்றும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



மின்சாரம் வராத காலத்திலும், வந்து நின்றுபோன இரவுகளிலும் நம் வீடுகளில் ஏற்றப்பட்டு வந்த விளக்கொன்றுக்கு அரிக்கன் லாம்பு என்று பெயர். கண்ணாடிக் கூண்டுக்குள்ளே திரி எரியும். காற்றடித்தாலும் இலேசில் அணையாது. அந்த 'அரிக்கன்' எங்கிருந்து வந்தது என்று நம்மிற் பலர் கேட்டதில்லை. 'ஹரிக்கேன்' என்னும் ஆங்கிலச் சொல்லே நம்மவர் நாவில் அரிக்கன் ஆயிற்று. ஆங்கிலேயர் அதனை ஸ்பானியரிடமிருந்து பெற்றனர். ஸ்பானியரோ கரிபியன் கடலிலுள்ள தீவுகளில் வாழ்ந்த தாயினோ என்னும் ஆதிக்குடிகளின் வாயிலிருந்து பெற்றனர். கொடுங்காற்றைக் குறித்து அக்குடிகள் வழங்கிய சொல் அது. ஸ்பானியர் வந்தபின் நோயாலும் வேலைக் கொடுமையாலும் அம்மக்கள் மாண்டனர். அவர்கள் மொழியும் பேசுவாரின்றி மறைந்தது. சொல் மட்டும் உலகைச் சுற்றி நம் அடுக்களை வரை வந்து சேர்ந்துவிட்டது.

அச்சொல் பிறந்த தீவுகளைப் பற்றியே இன்று பேச எடுத்துக்கொண்டோம். மிஷன் பாடசாலையில் நாம் பூமிசாத்திரம் படித்த காலத்தில், மேற்கிந்திய தீவுகள் என்றால் கரும்பு, வாழை, கிரிக்கெட் என்னும் மூன்று சொற்களோடு பாடம் முடிந்துவிடும். அங்கே பல தனி நாடுகள் உள்ளன என்பதும், அவற்றுட் சில நம் யாழ்ப்பாண மாவட்டத்திலும் சிறியன என்பதும், ஓர் இரவில் ஒரு நாடு முழுவதும் கூரையற்றுப் போகக்கூடும் என்பதும் சர்வகலாசாலைக்கு வந்த பின்னரே நமக்குத் தெரியவந்தன.

முதலில் அக்காற்றின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். ஆபிரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து கோடைகாலத்தில் காற்றலைகள் அத்திலாந்திக் சமுத்திரத்தின் மேற் புறப்படுகின்றன. கடலின் மேற்பரப்பு ஏறத்தாழ 26 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பமுற்றிருந்தால், அங்கிருந்து நீராவி பெருகி எழும். மேலே சென்று குளிர்ந்து மழையாக மாறும்போது தான் சுமந்த வெப்பத்தை அது வெளிவிடும். அந்த வெப்பமே சூறாவளிக்கு எரிபொருள். பூமியின் சுழற்சி அதற்குச் சுற்றுக் கொடுக்கிறது. வியாபாரக் காற்று அதனை மேற்கே தள்ளுகிறது. அவ்வாறு வரும் வழியில் முதலில் எதிர்ப்படுவது வில்லைப்போல் வளைந்து கிடக்கும் சின்னஞ்சிறு தீவுகளின் வரிசைதான். யூன் 1 முதல் நவம்பர் 30 வரை அவர்களுக்குப் புயற்பருவம். காற்றின் வேகத்தைக் கொண்டு புயல்களை ஐந்து தரங்களாக வகுத்திருக்கின்றனர். ஐந்தாந்தரம் என்பது மணிக்கு 157 மைலும் அதற்கு மேலும். வேகம் இரட்டித்தால் சுவரை அழுத்தும் விசை நான்கு மடங்காகும் என்பதைப் பௌதிகம் படித்தோர் அறிவர். ஆதலால் 80 மைல் காற்றைத் தாங்கிய வீடு 160 மைல் காற்றையும் ஒருவாறு தாங்கும் என்று எண்ணுவது பெரும் பிழை.

நம்மிடையே அமர்ந்திருக்கும் பெரியோர்க்கு 1978ஆம் ஆண்டு நவம்பரில் மட்டக்களப்பை அழித்த சூறாவளி நினைவிருக்கும். தென்னந்தோப்புகள் எல்லாம் சாய்ந்தன, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். ஆயினும் அன்று கொழும்பு நின்றது, கண்டி நின்றது, யாழ்ப்பாணம் நின்றது. அங்கிருந்து அரிசியும் மருந்தும் ஆட்களும் லொறிகளில் செல்ல முடிந்தது. ஒரு கை முறிந்தால் மறு கை கட்டுப்போடும். சிறு தீவின் நிலை அதுவன்று. புயலின் உட்சுற்று தீவையே மூடிவிடுகிறது. வைத்தியசாலையும், பொலிஸ் நிலையமும், துறைமுகமும், வானொலி நிலையமும், பிரதமர் இல்லமும் ஒரே மணி நேரத்தில் அடிபடுகின்றன. காப்பாற்ற வேண்டியவரும் காப்பாற்றப்பட வேண்டியவரும் ஒரே கட்டிலின் கீழ் ஒளிந்திருக்கின்றனர். நாம் இன்று சொல்ல வந்தது இதுவே: அத்தகைய இடத்தில் சேதமடையாத மறுபாதி என்று ஒன்று இல்லை. வெள்ளத்துக்கும் வரட்சிக்கும் பெரிய நாடுகள் எழுதிவைத்த நிவாரண முறைகள் யாவும் அந்த மறுபாதி உண்டென்ற எண்ணத்தின் மேற் கட்டப்பட்டவை.

டொமினிக்கா என்னும் தீவை எடுத்துக்கொள்வோம். டொமினிக்கன் குடியரசு வேறு, இது வேறு. 29 மைல் நீளம், 16 மைல் அகலம், ஏறத்தாழ 70,000 மக்கள். எரிமலைகளால் ஆன மலைநாடு, பெரும்பாகம் காடு. 2017 செப்ரெம்பர் 17ஆந் திகதி இரவு மரியா என்னும் புயல் முதலாந்தரமாய்க் கிழக்கே கடலில் நின்றது. மறுநாள் இரவு ஒன்பது மணியளவில், ஐந்தாந்தரமாய், மணிக்கு 160 மைலுக்கு மேற்பட்ட வேகத்தோடு தீவில் ஏறிற்று. ஒரு நாளைக்குள் ஒன்று ஐந்தாயிற்று. காலையில் முதலாந்தரத்துக்குச் சன்னலுக்குப் பலகை அடித்துவிட்டுப் படுக்கச் செல்லும் குடியானவன், அதே இரவில் ஐந்தாந்தரத்துக்கு எப்படி ஆயத்தமாவான்? எச்சரிக்கை விடும் விஞ்ஞானிகளிற் குறை காண இடமில்லை. கடல் அவ்வளவு வெப்பமாயிருந்தது.

அவ்விரவில் அந்நாட்டுப் பிரதமர் ரூஸ்வெல்ற் ஸ்கெரிற் தம் வீட்டுக் கூரை போய்விட்டதென்றும், வெள்ளம் உள்ளே வருகிறதென்றும் முகநூலில் எழுதினார். சிறிது நேரத்தின் பின் தாம் மீட்கப்பட்டதாக எழுதினார். அந்நாட்டுக்கும் வெளியுலகுக்கும் இடையிலான தொடர்பு பெரும்பாலும் அறுந்துபோயிற்று. நாட்டின் தலைவர் வீட்டுக் கூரையே பறந்துவிட்டது என்பதும் உலகுக்குக் கிடைத்த முதல் தகவல்களுள் ஒன்று. பொழுது விடிந்தபின் மேலே பறந்து பார்த்தவர்கள் கண்டது, பச்சைத் தீவு பழுப்பு நிறமாய்க் கிடந்ததையே. காட்டு மரங்களில் இலை இல்லை. பலவற்றிற் பட்டையும் இல்லை. பத்து வீடுகளில் ஒன்பதுக்குக் கூரை சேதம் அல்லது கூரையே இல்லை. இறந்தோரும் காணாமற் போனோரும் 65 பேர். எண்ணிக்கை சிறிதென்று தோன்றலாம். 70,000 பேர் கொண்ட நாட்டில் 65 பேர் என்றால், ஊர்தோறும் ஒரு செத்தவீடு என்று பொருள். அழிவின் மதிப்பு 130 கோடி அமெரிக்க டொலர். அஃது அந்நாடு ஈராண்டில் உழைப்பதிலும் அதிகம்.

செய்தித் தொடர்பு அறுந்தது அத்தீவுக்கு அதுவே முதன்முறையன்று. 1979 ஓகஸ்ட் 29இல் டேவிட் என்னும் புயல் அதே தீவை அழித்தது. டொமினிக்கா சுதந்திரம் பெற்று ஓராண்டு கூட நிறையாத நேரம் அது. தந்தியும் தொலைபேசியும் போனபின் வெளியுலகோடு பேசியது, மின்கலத்தைக் கொண்டு இயக்கப்பட்ட ஓர் அமெச்சூர் வானொலிதான். பொழுதுபோக்காக வானொலி பழகிய ஒருவர், ஒரு நாட்டின் குரலாக ஆனார். பின்னர் ஃபைஃப் என்னும் பிரித்தானியப் போர்க்கப்பல் வந்து மாலுமிகளை உதவிக்கு இறக்கியது. 38 ஆண்டுகள் கழித்து, செயற்கைக்கோளும் கைத்தொலைபேசியும் நிறைந்த காலத்தில், மரியாவுக்குப் பின்னும் முதற் செய்திகளிற் பல அமெச்சூர் வானொலிக்காரரிடமிருந்தே வந்தன. கைத்தொலைபேசிக் கோபுரம் காற்றில் விழும். மின்கலமும் ஒரு முழக் கம்பியும் இருப்பவனுக்குக் கோபுரம் வேண்டியதில்லை. நம் இளைஞர்களுட் பொறியியல் நாட்டமுள்ளோர் இதனைக் குறித்துக்கொள்வாராக.

அடுத்தபடி வழி. மலைநாடாகையால் ஒவ்வொரு ஊரும் ஒரு பள்ளத்தாக்கு. மண்சரிவு ஒன்று விழுந்தால் அவ்வூர் தனித் தீவாகிவிடும். மரியாவுக்குப் பின் பல ஊர்களுக்கு நாட்கணக்கில் ஹெலிகொப்ரரும் வள்ளமும் தவிர வேறு வழியிருக்கவில்லை. கிழக்குக் கரையில் கலினாகோ மக்களின் பிரதேசம் இருக்கிறது. கரிபியன் தீவுகளின் ஆதிக்குடிகளுள் எஞ்சியிருப்போர் சிலர். 1903இல் ஒதுக்கப்பட்ட 3,700 ஏக்கர் நிலம் அவர்களுடையது. காற்று முதலில் ஏறும் பக்கமும் அதுவே. முதல் மூன்று நாட்களும் ஒருவரையொருவர் தூக்கியெடுத்தவர்கள் அயலவரே என்பதை எல்லா அறிக்கைகளும் ஒப்புக்கொள்கின்றன. வெளிநாட்டுக் கப்பல் அதன்பின்னரே வந்தது. வாள், கோடரி, கயிறு, சேமித்த மழைநீர் ஆகியவையே முதல் நிவாரணப் பொருட்கள். கப்பலில் வரும் பழந்துணி மூட்டைகளைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் விட முடியவில்லை. வேண்டாத பொருள் துறைமுகத்தை அடைத்துக்கொண்டால், வேண்டிய மருந்து கடலில் காத்து நிற்கும். கொடுப்பவர் மனம் நிறைகிறது. பெறுபவர் வயிறு நிறைவதில்லை. இக்குறை கரிபியன் தீவுகளுக்கு மட்டும் உரியதன்று.

அயலவர் என்றோம். அங்கே அயல் என்பது அடுத்த தீவையும் குறிக்கும். டொமினிக்காவின் வடக்கே குவாதலூப்பும் தெற்கே மார்ட்டினிக்கும் உள்ளன, இரண்டும் பிரான்சுக்குரியவை. 1854 முதல் புதுச்சேரி, காரைக்கால் முதலிய துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழரின் சந்ததியார் குவாதலூப்பில் இன்றும் உள்ளனர். மாரியம்மன் வழிபாட்டையும் விடாது வைத்திருக்கின்றனர். அவர்களிற் பலர் வேலை பார்த்த வாழைத் தோட்டங்களையும் மரியா ஏறக்குறைய முழுதாகச் சாய்த்தது. எனவே அயல்தீவும் அடிபட்டிருக்கக்கூடும் என்பதை முன்கூட்டியே கணக்கிற் கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்தக் கணக்கை அத்தீவினர் போட்டிருக்கின்றனர் என்பதே நாம் வியக்கும் விஷயம். 1991இல் அரசாங்கங்கள் கூடி ஒரு பொது நிறுவனம் அமைத்தன. 2009 முதல் அது கரிபியன் அனர்த்த அவசரநிலை முகாமை நிறுவனம் என வழங்கப்படுகிறது. தலைமையிடம் பார்படோஸ். அதன் முறை எளிது. பார்படோஸ், அன்ரிகுவா, யமேக்கா, திரினிடாட் ஆகிய நான்கும் மூத்த சகோதரர் போல. ஒவ்வொன்றும் தன்னைச் சூழ்ந்த தீவுகளுக்குப் பொறுப்பு. ஒரு தீவிலிருந்து செய்தி வராவிட்டால், செய்தி வராமையையே செய்தியாகக் கொண்டு பொறுப்பாளர் புறப்பட வேண்டும். மரியாவுக்குப் பின் அயல்தீவுகளின் பொலிசாரும் படைவீரரும் வந்து தெருவிற் காவல் நின்றனர். ஏனெனில் டொமினிக்காவின் பொலிசாருக்கும் வீடில்லை, பிள்ளைகள் உண்டு.

ஆனால் மூத்த சகோதரன் வீட்டிலேயே சாவு விழுந்தால்? மரியாவுக்குப் பன்னிரண்டு நாட்களுக்கு முன் அதுவும் நடந்தது. அதற்குச் சற்றுப் பின்னர் வருவோம்.

பணத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். 2004 செப்ரெம்பர் 7இல் ஐவன் என்னும் புயல் கிரெனடாவை அழித்தது. 39 பேர் இறந்தனர்; பத்து வீடுகளில் ஒன்பது சேதம்; சிறைச்சாலை உடைந்து கைதிகள் வெளியேறினர். பிரதமரின் வீடும் போயிற்று; கரைக்கப்பால் நின்ற பிரித்தானியக் கப்பலிலிருந்து அவர் நாட்டை நடத்த வேண்டியிருந்தது. அதனாற் பாடம் கற்ற தீவுகள் 2007இல் ஒரு கூட்டுக் காப்புறுதி நிதியை அமைத்தன. நம் ஊர்ச் சீட்டுப் போல எல்லோரும் கட்டுவது. இடி விழுந்தவர் எடுப்பது. சேதத்தை அளக்க உத்தியோகத்தர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. காற்று எவ்வளவு வேகத்தில் எவ்விடத்தாற் சென்றது என்னும் கணக்கைக் கொண்டே பதினான்கு நாட்களுக்குள் பணம் வரும். மரியாவுக்குப் பின் டொமினிக்கா பெற்றது ஏறத்தாழ 1 கோடி 90 இலட்சம் டொலர். சம்பளம் கொடுக்கவும் வீதியைத் துப்புரவாக்கவும் அது உதவிற்று. அழிந்ததோ 130 கோடி. நூற்றுக்கு ஒன்றரை வீதம். இத்தகைய காப்புறுதி நல்லது என்போரும், போதாது என்போரும் ஒரே உண்மையைத்தான் இரண்டாகப் பிரித்துப் பேசுகின்றனர் என்று நமக்குத் தோன்றுகிறது.

கிரெனடாவின் கொடியில் ஒரு சாதிக்காய் வரையப்பட்டிருக்கிறது. இந்தோனேசியாவுக்கு அடுத்தபடி உலகுக்குச் சாதிக்காய் கொடுத்த நாடு அது. அம்மரம் நட்டு ஐந்தாறு ஆண்டு சென்றே காய்க்கும். நல்ல பலனுக்கு இன்னும் பல ஆண்டு வேண்டும். ஆண் மரமா பெண் மரமா என்பதும் பூக்கும் வரை தெரியாது. 1955 செப்ரெம்பர் 22இல் யானெற் என்னும் புயல் அத்தோட்டங்களை வீழ்த்தியது. மீண்டும் நட்டு வளர்த்தனர். 49 ஆண்டு கழித்து ஐவன் அவற்றைச் சாய்த்தது. யானெற்றின்போது இளைஞராய் நட்டவர்கள் ஐவனின்போது எழுபது வயதுக் கிழவர்கள். இனி நட்டு எந்தக் காயைக் காண்பது என்று பலர் விட்டுவிட்டனர். கூரையை மூன்று மாதத்திற் போடலாம். மரத்தையும், மரம் நடும் மனத்தையும் அவ்வாறு போட முடிவதில்லை. அந்த இடைப்பட்ட 49 ஆண்டில் வேறொன்றும் நிகழ்ந்தது: தங்கள் தீவு புயற்பாதைக்குத் தெற்கே கிடக்கிறதென்று ஒரு தலைமுறை நம்பி வளர்ந்தது. கூரை மரத்தைச் சுவரோடு பிணைக்கும் உலோகப் பட்டை சிறு செலவு. அதனைப் பலர் போடவில்லை.

2024 யூலை முதலாந் திகதி பெரில் வந்தது. இம்முறை கிரெனடாவைச் சேர்ந்த கரியாக்கு என்னும் 13 சதுரமைல் தீவின் மேலே மணிக்கு 150 மைல் வேகத்தில் ஏறியது. அரைமணி நேரத்தில் அத்தீவு தரைமட்டமாயிற்று என்றார் அந்நாட்டுப் பிரதமர். அயலில் சென் வின்சென்ற் நாட்டைச் சேர்ந்த யூனியன் தீவிலும் பத்துக்கு ஒன்பது கட்டடம் போயிற்று. மறுநாள் பெரில் ஐந்தாந்தரமாயிற்று. யூலை தொடக்கத்தில் அத்திலாந்திக்கில் ஐந்தாந்தரப் புயல் தோன்றியதாக அதற்கு முன் பதிவே இல்லை. ஆயினும் இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கிரெனடாவின் பெருந்தீவு அவ்வளவு அடிபடவில்லை. ஆகவே அங்கிருந்து வள்ளங்களில் தண்ணீரும் ஆட்களும் கரியாக்குவுக்குச் செல்ல முடிந்தது. மறுபாதி ஒன்று எஞ்சியிருந்தது. கூட்டுக் காப்புறுதி 4 கோடி டொலருக்கு மேல் கொடுத்தது. வேறொரு புதுமையும் நிகழ்ந்தது. கிரெனடா தன் கடன்பத்திரங்களை 2015இல் மாற்றி எழுதியபோது, பெரும் புயல் வந்தால் தவணையைப் பிற்போடலாம் என்று ஒரு விதியைச் சேர்த்திருந்தது. பெரிலுக்குப் பின் அவ்விதியைப் பயன்படுத்தியது. வீடெரியும்போது கடன்காரன் வாசலில் நிற்கக்கூடாது என்னும் சாதாரண நாகரிகத்தைச் சட்டத்தில் எழுத உலகத்துக்கு இத்தனை காலம் சென்றிருக்கிறது.

இனிப் பார்புடா. அன்ரிகுவாவும் பார்புடாவும் சேர்ந்து ஒரு நாடு. பார்புடா 62 சதுரமைல். தட்டையான சுண்ணாம்புக் கல் நிலம், நம் தீவுப்பகுதிகளைப் போல. ஏறத்தாழ 1,700 பேர், கொட்றிங்டன் என்னும் ஒரே ஊரில் வாழ்ந்தனர். அவர்கள் ஒரு காலத்தில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரின் சந்ததியார். 1834இல் அடிமை முறை ஒழிந்தபின் அந்நிலத்தைத் தனித்தனியாகப் பங்கிடாமல் எல்லோருக்கும் பொதுவாகவே ஆண்டு வந்தனர். வீடு கட்ட ஒரு துண்டு, பயிரிட ஒரு துண்டு, மேய்ச்சலுக்கு மிகுதி. விற்பனை இல்லை. 2007இல் அவ்வழக்கம் சட்டமாகவும் எழுதப்பட்டது.

2017 செப்ரெம்பர் 6ஆந் திகதி நள்ளிரவு கழிந்து ஒன்றரை மணியளவில் இர்மா என்னும் புயல் மணிக்கு 180 மைல் வேகத்தில் அத்தீவின் மேலாகச் சென்றது. காற்றளக்கும் கருவி 155 மைலைக் காட்டியபின் உடைந்துபோயிற்று. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து கட்டடம் சேதம். இறந்தது ஒருவர், இரண்டு வயதுக் குழந்தை. காற்று ஓய்ந்து மூன்றாம் நாளில் ஹொசே என்னும் இன்னொரு புயல் அதே வழியாக வருகிறதென்று அறிவிப்பு வந்தது. மூத்த சகோதரன் வீட்டில் சாவு என்று முன்னர் குறிப்பிட்டது இதனையே. மற்றத் தீவுகளுக்குப் பொறுப்பான அன்ரிகுவாவே இப்போது தன் சொந்தத் தம்பியைத் தூக்க வேண்டியதாயிற்று. தூக்கவும் செய்தது. படகுகளிலும் விமானங்களிலும் தீவு முழுவதையும் வெறுமையாக்கி, எல்லோரையும் 30 மைலுக்கப்பால் கொண்டு சேர்த்தது. அவர்களுட் சிலருக்குத் தங்குமிடம், நம் இளைஞர்கள் பெயரளவில் நன்கறிந்த சேர் விவியன் ரிச்சர்ட்ஸ் கிரிக்கெட் மைதானம். ஹொசே பின்னர் வடக்கே விலகிச் சென்றது. ஆயினும் அந்த வெளியேற்றம் சரியான முடிவென்றே நாம் கருதுகிறோம். கூரையில்லாத 1,700 பேரை இன்னொரு பெரும்புயலின் வாயில் விட்டுவைக்க எவருக்கும் உரிமையில்லை.

பிரச்சினை திரும்புவதில் எழுந்தது. செப்ரெம்பர் முடிவில் வெளியேற்றக் கட்டளை நீக்கப்பட்டபோதும், மின்சாரமும் தண்ணீரும் பள்ளிக்கூடமும் அங்கில்லை. பிள்ளைகளை அன்ரிகுவாவிற் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, தகப்பன்மார் பகலிற் படகேறிச் சென்று இடிபாடுகளை அள்ளினர். அவ்வாண்டு முடியுமுன், வீடுகள் கூரையின்றிக் கிடக்கையிலே, புதிய விமான நிலையத்துக்காகக் காடு வெட்டப்படலாயிற்று. அதனையடுத்துக் காணிச் சட்டமும் மாற்றப்பட்டது. தனியுரித்தாக நிலம் வாங்கலாமென்று ஆயிற்று. அரசாங்கத்தின் நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். உறுதி இல்லாத காணியை ஈடுவைத்து எந்த வங்கியும் கடன் தராது, கடனின்றி வீடு எழும்பாது என்றது அரசாங்கம். அவ்வாதம் வெறும் சொல்லன்று. ஆனால் ஊரில் ஆளில்லாத நேரத்தில், தாமே ஒன்றுகூடிப் பேச முடியாத நேரத்தில், இரு நூற்றாண்டு வழக்கத்தை மாற்றலாமா என்று மக்கள் கேட்டதும் வெறும் சொல்லன்று. வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. நம் நாட்டவரும் ஒரு காலத்தில் இறுதி மேன்முறையீட்டுக்குச் சென்ற அதே மன்று. 2022இல் காணி வழக்கில் மக்கள் தோற்றனர். 2024இல், விமான நிலைய அனுமதியை எதிர்த்து வழக்காட அவ்வூரவர்க்கு உரிமையுண்டு என்று அதே மன்று தீர்த்தது. அவ்வாண்டிலேயே விமான நிலையமும் திறக்கப்பட்டுவிட்டது.

சூறாவளி நிவாரணம் என்றால் கூடாரமும் மாவும் பால்மாவும் என்று எண்ணியிருந்த நமக்கு, பார்புடாவைப் படித்தபோது அக்கருத்து நிலைக்கவில்லை. மக்களைத் தூக்கிச் செல்லும் கட்டளையிலேயே, அவர்கள் எப்போது எப்படித் திரும்புவர், அதுவரை அவர்கள் நிலத்தை யாரும் தொடலாகாது என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். உயிரைக் காக்கும் வேலை கரையேற்றுவதோடு முடிந்துவிட்டதென்று கொண்டால், ஊர் போய்விடும். சிறு தீவில் ஊர் போனால் அடுத்த ஊருக்குப் போக அடுத்த ஊர் இல்லை.

இன்னொன்று. புயலின் தரத்தைக் கேட்டு அச்சத்தை அளப்பதும் கூடாது. 2015 ஓகஸ்ட் 27இல் டொமினிக்காவைத் தொட்ட எரிக்கா சூறாவளியே அன்று. தரவரிசையில் இடம்பெறாத வெறும் வெப்பமண்டலப் புயல். காற்று கூரையைத் தொடவில்லை. மழையோ சில மணி நேரத்துள் 12 அங்குலத்துக்கு மேல் கொட்டிற்று. மலை கரைந்து இறங்கியது. விமான நிலையம் சேற்றில் மூழ்கியது. இறந்தோரும் காணாமற் போனோருமாக முப்பது பேரளவில். அழிவு அந்நாட்டின் ஓராண்டு வருமானத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு. காப்புறுதியாற் கிடைத்தது ஏறத்தாழ 24 இலட்சம் டொலர்.

அவ்வழிவின் பெரும்பங்கு தென்கிழக்குக் கரையில் பெத்தீத் சவான் என்னும் ஊருக்கு வந்தது. செங்குத்தான மலைச்சரிவில் அடுக்கடுக்காய் வீடுகள்; மலையிற் பே மரங்கள். அம்மரத்தின் இலையைப் பெரிய அண்டாக்களில் அவித்து வாசனைத் தைலம் இறக்குவது அவ்வூரார் தொழில். மண் சரிந்து வழி அடைபட்டதால் ஊரவரைக் கடல்வழியாக வெளியேற்றினர். ஊர் இனி வசிக்கத் தகாதது என்று அரசாங்கம் தீர்மானித்து, பெல்வியூ சொப்பின் என்னும் இடத்தில் அவர்களுக்குப் புது வீடுகள் கட்டிக் கொடுத்தது. உறுதியான வீடுகள், மரியாவைப் போன்றதொன்று மீண்டும் வந்தாலும் நிற்கத் தக்கவை. ஆனால் பே மரம் அங்கே இல்லை. பழைய மலையிற் சரிந்த இடங்களில் அம்மரங்கள் மறுபடி தளிர்த்திருக்கின்றன. ஆகவே ஊரவரிற் சிலர் பகலில் அங்கே சென்று, இலை வெட்டி, அவித்து, தைலம் இறக்கிக்கொண்டு, பொழுதுபடுமுன் புது வீட்டுக்குத் திரும்புகின்றனர்.